நின்றுபோன காப்புறுதி

வியாழக்கிழமை, இரவு

என்னுடைய முதியோர் மருத்துவக் காப்புறுதித் திட்டத்தை நிறுத்தப் போகிறார்களாம். காப்புறுதி ஏஜெண்டான குமார் தம்பி வீடு தேடி வந்து சொன்னான். எங்கள் ஜெலுத்தோங் வட்டாரத்தில் வேறு யாருக்கு இந்த மரியாதை கிடைக்கும்!

"பயப்படாதீங்க அங்கிள், வேற திட்டத்துல சேர்த்துவிடுறேன். உடம்புக்கு ஏதும் இருக்கா?" என்று கேட்டான்.

பக்கத்து வீட்டு ராஜு வேறு உட்கார்ந்திருந்தார். விடுவேனா?

"எனக்கா? மாத்திரை என்ன நிறம்னே தெரியாதுலா! கொடிமலைய ஓடியே ஏறுவேன்."

குமார் அதையே கைப்பேசியில் பதிந்துகொண்டு போனான்.

ராஜுவும் கிளம்பியதும் என் மனைவி சரோஜா பிடித்துக்கொண்டாள்.

"இனிப்புநீர் வியாதி மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் நானா முழுங்குறேன்? நாளைக்கு ஆஸ்பத்திரியில கெடந்தா, பொய் சொன்ன ஆளுக்குக் காசு கட்ட மாட்டோம்னு கம்பெனிக்காரன் கைவிரிச்சிருவான்."

சிரித்துச் சமாளித்தேன். சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால் இந்த வயதில் சேர்ப்பார்களா? சேர்க்காவிட்டால் அரசாங்க மருத்துவமனைதான். அங்கே பெரிய டாக்டரே என்னைக் கண்டால் எழுந்து நிற்பார், அது வேறு விஷயம். ஆனாலும் காலையில் குமாரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும். ராஜு பக்கத்தில் இல்லாத நேரமாக.

சரோஜா இன்னும் தூங்கவில்லை. "குமார்கிட்ட நான் பேசட்டா?" என்கிறாள்.

"ஏன், எனக்கு வாயில்லையா?" என்றேன்.

அவள் என் கைப்பேசியை எடுத்து என் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாள்.