மூடிக்குள் வைத்த ரப்பர்

மார்ச் 7, ஞாயிறு

காலையிலேயே கொதிக்கிற வெயில். வெள்ளவத்தையில் ஒரு இலை அசையவில்லை. ஏழரைக்கு மாளிகாவத்தை, ஃபாரூக் நானாவின் பட்டறை. மோட்டர்களுக்குக் கம்பி சுற்றுகிற இடம். ஞாயிறு கடை பூட்டு, பின்முற்றம் எங்கள் மூவருக்கும்.

பார்த்த வேலை:
பொயின்ற் இடைவெளி (இரண்டாம் முறை).
புது பிளக்.
காபரேற்றர் கழுவியது.
தீப்பொறி தரும் கொயில் சூடேறும்வரை ஓட்டிப் பார்த்தது.

நிற்கவேயில்லை. இருபத்தைந்து நிமிடம் சிணுங்காமல் ஓடினாள் என் இத்தாலிக்காரி, என் பழைய மோட்டார் சைக்கிள். ஃபாரூக் நானா தேத்தண்ணீரை நீட்டி, "ஒண்டும் இல்ல பாலன், சும்மா மனசப் போட்டுக் கொழப்பாதீங்க" என்றார். எட்மண்ட் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் குறித்து வைக்கிறேன்.

தெளிவுக்காக, வரிசையாக:

பெப். 27 சனி. பின்னேரம் மழை. எட்மண்ட் ஹெந்தளையிலிருந்து கிளச் கேபிள் திருப்பித் தர வீட்டுக்கு வந்தான். நான் சேட் போட்டு இறங்கும்வரை கீழே, என் சைக்கிளுக்குப் பக்கத்தில், தனியாக. பத்து நிமிடம்.

பெப். 28 ஞாயிறு. காபரேற்றருக்குள் தண்ணீர். பெற்றோல் தொட்டிக்குள்ளும் தண்ணீர். தானாக வருமா? அன்றே எட்மண்ட் என் கொயிலைக் கழற்றித் துடைத்து மாட்டினான். தன் கையால்.

மார்ச் 1 திங்கள். வேலைக்குப் போகும் வழியில், காலிமுகத்திடலுக்கு முன்னால் உள்ள சோதனைச் சாவடியடியில் நின்றது.

மார்ச் 4 வியாழன். இரண்டு நாள் பஸ்ஸுக்குப் பிறகு திரும்ப எடுத்தேன். அதே இடம்.

கொழும்பில் ஓடுகிற நிலையில் இந்த இத்தாலிச் சைக்கிள் மூன்றுதான். ஃபாரூக் நானாவுடையது, எட்மண்டுடையது, என்னுடையது. போன வருடத்திலிருந்து எட்மண்ட் (இனி எ.) மூன்று தரம் கேட்டுவிட்டான்: "மச்சாங், விக்கிற எண்டா எனக்குத்தான், சரியா?" ஓடாத சைக்கிளை எவனும் மலிவாக வாங்கலாம். இதற்கு மேல் எழுதத் தேவையில்லை.

28ஆம் திகதி இரவே தொட்டி மூடிக்குள் ஒரு ரப்பர் வைத்துவிட்டேன். பழைய டியூபில் வட்டமாக வெட்டியது. மூடியின் நடுவில் ஊசி முனையளவு ஓட்டை ஒன்று இருக்கிறது, இனி அதற்குள்ளாலும் எவனும் எதையும் விட முடியாது. இன்று புறப்படுமுன் மட்டும் கழற்றிப் பொக்கெற்றில் போட்டுக்கொண்டேன்; இனி ஞாயிறுகளில் அப்படித்தான். அவர்கள் கண்டால் என்ன நினைப்பார்கள். மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

இரவு திரும்ப வைத்தாயிற்று.

மார்ச் 8, திங்கள்

மூன்றாம் தடவை. அதே சாவடி. சாவடியைத் தாண்டியும் இல்லை, அதற்கு முன்னும் இல்லை. இருமல், இன்னொரு இருமல், அமைதி. இரண்டு துவக்குகள் திரும்பின.

அடையாள அட்டை. பிறந்த இடம் யாழ்ப்பாணம். பொலிஸ் பதிவுத் துண்டு. கொட்டாஞ்சேனை அச்சகத்தின் கடிதம். எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு சார்ஜன் கேட்டான், "ஹெமதாம மெதனமத?" எப்போதும் இதே இடம்தானா. நானும் அதைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒரு சிப்பாய் தொட்டி மூடியைத் திறந்தான். "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம். இரண்டு எட்டுப் பின்னால் பாய்ந்து துவக்கை நீட்டினான். நான் இரண்டு கையையும் தூக்கினேன். பிறகு எட்டிப் பார்த்தான், மூக்கை வைத்து மணந்து பார்த்தான், மூடினான். உதை என்றார்கள். ஒரே உதை. ஓடினாள்! சொந்தக்காரனுக்குக் காட்டாத பயத்தைச் சீருடைக்குக் காட்டுகிறாள்.

சார்ஜன் கொப்பியில் நம்பரை எழுதினான். முன்பு எழுதிய இரண்டின் கீழ் மூன்றாவது. தமிழில் சொன்னான்: "இன்னொரு முறை இங்க நிண்டா சைக்கிள் இங்க, நீ பொலிசில."

அச்சகத்துக்கு நாற்பது நிமிடம் பிந்தினேன். ஒரு கல்யாணக் கார்ட் புரூஃப், மூன்று தரம் வாசித்தும் மண்டையில் ஏறவில்லை.

இரவு மனைவி வாசுகி: "உந்தச் சைக்கிளை வித்துப்போட்டு பஸ்ஸில போங்கோவன்."

"ஆருக்கு விக்கிறது?"

"எட்மண்டுக்குக் குடுங்கோ. அவர் கேட்டவர்தானே."

கேட்டது இவளுக்கு எப்படித் தெரியும்? நான் சொன்னதாக ஞாபகமில்லை. சொல்லியிருக்கவும் கூடும்.

மார்ச் 10, புதன்

இரண்டு நாளாக பஸ். பம்பலப்பிட்டியில் எல்லோரையும் இறக்கிப் பை பார்த்தார்கள். திரும்ப ஏறினால் முன் சீட்டுக்கு அடியில் ஒரு பொதி. "இது ஆருடையது?" ஒருவரும் வாய் திறக்கவில்லை. அரை பஸ் அடுத்த தரிப்பில் இறங்கியது, நானும்தான். பிறகு ஒரு கிழவி கருவாட்டுப் பொதியைத் தேடி அழுததாகக் கேள்வி. கொள்ளுப்பிட்டியிலிருந்து நடை. செருப்பு வார் அறுந்தது.

யோசித்தது: பின்னேரம் வீடு திரும்பும்போது ஒரு நாளும் நிற்பதில்லை. ஏன்? திரும்பும் வழியில் மருதானைச் சாவடியில் தினமும் நிறுத்தி, தொட்டியைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்ப்பார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் கொயில் ஆறுகிறது. ஆகவே பிழை கொயிலில். ஆகவே எ.

மார்ச் 14, ஞாயிறு

புழுக்கம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பதினொரு வருடமாக எங்களுக்குள் ஒரு வழக்கம். யாருடைய ஸ்பனர் பெட்டியாக இருந்தாலும் சரி, கேட்காமல் எடுக்கலாம். பின்னேரம் அவரவர் சாமான் அவரவர் பெட்டிக்குப் போய்விடும். எட்மண்டின் பெட்டி துறைமுகத்துப் பலகையில் அவனே அடித்தது. கொண்டி கூட இல்லை.

அவன் கை கழுவப் போன நேரம் அதைக் கிண்டினேன். ஸ்பனருக்காக அல்ல. அடியில், பனியன் துணியில் சுற்றி, ஒரு கொயில். பழைய அசல் சாமான். என்னுடையதைப் போலவே.

"என்ன தேடுறது மச்சாங்?"

திரும்பினால் பின்னால் நிற்கிறான், கையில் சவர்க்கார நுரையோடு.

"என்ர கொயில்."

"உன்ட கொயில் உன்ட சைக்கிள்ல தானே."

"அப்ப இது ஆருடையது?"

"என்ட. வீட்டில இருந்தது. உன்டது பாதையில நிக்குது எண்டு உனக்குப் போட்டுப் பாக்கக் கொண்டாந்தேன்."

"காலமை சொல்லியிருக்கலாமே?"

"சொல்ல முந்தி நீ பெட்டிக்குள்ள."

அங்கேயாவது நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. "அண்டைக்கு என்ர தொட்டிக்குள்ள தண்ணி ஊத்தினது ஆர், எட்மண்ட்?"

அவன் ஃபாரூக் நானாவைப் பார்த்தான். பிறகு சாமான்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினான். கொயிலை மட்டும் மேசையில் விட்டுவிட்டுப் போனான். கள்ளன் அகப்பட்டால் சாமானை விட்டுவிட்டுத்தானே ஓடுவான் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், எழுதத்தானே வேண்டும்.

ஃபாரூக் நானா: "அல்லாவே, என்ன வேல இது! அவன் பெட்டில உங்களுக்கு என்ன ஈக்கி? பதினொரு வருஷம் பாலன்."

எ.யின் கொயிலைத் தொடவில்லை. ஃபாரூக் நானா, தான் புதிதாகச் சுற்றிய கொயில் ஒன்றைத் தந்தார், மாட்டினேன். அரை மணி ஓடியது. இனி நிற்க வழியே இல்லை. நாளை சைக்கிள்.

இரவு: ரப்பர் வைத்தாயிற்று.

மார்ச் 16, செவ்வாய்

நேற்று எழுத வழியிருக்கவில்லை.

நின்றது. அதே சாவடி. சார்ஜன் ஜீப்பைக் கையால் காட்டினான். ஜீப்பில் நான், பின்னால் லொறியில் சைக்கிள். பொலிசில் சீட்டைக் கழற்றினார்கள், தொட்டியைத் திறந்து கம்பி விட்டுத் துழாவினார்கள், காற்று வடிகட்டியைப் பிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் மேசையில் கொப்பி. நான்கு திகதி, ஒரே இடம். "அங்கே என்ன பார்க்கிறாய்? யார் பார்க்கச் சொன்னது?" நான் என்ன சொன்னாலும் அவருக்கு அது கதை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. அந்த நான்கு திகதியை என்னிடம் தந்தால் நானும் நம்பமாட்டேன்.

"உன்னைத் தெரிந்த ஆள் யார்?" அச்சக முதலாளி ஊரில் இல்லை. வீட்டில் போன் இல்லை. நினைவில் இருந்தது ஒரே ஒரு நம்பர், எட்மண்டின் துறைமுக வேர்க்‌ஷொப். வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். முக்கால் மணியில் வந்தான், எண்ணெய்ப் பிசுக்கு உடுப்போடு.

என்னைப் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டரோடு சிங்களத்தில் கதைத்தான். நிற்கிறது உண்மை என்றால் இங்கே நிற்கட்டும் பார்ப்போம் என்றார் அவர்.

ஒரே உதையில் ஓடினாள். முற்றத்தைச் சுற்றி ஓடச் சொன்னார்கள். சுற்றினேன். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். பட்டுப்போல ஓடுகிறாள்! படியில் நின்ற இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "நல்லாத்தானே ஓடுது" என்றார் தமிழில். முதுகால் வேர்வை ஓடியது. நில்லடி, நில்லடி என்று கும்பிட்டேன். பதினொரு வருடத்தில் அவளிடம் இப்படிக் கேட்டதில்லை.

எட்மண்ட் சொன்னான், "இன்னும் கொஞ்சம் விடுங்க மாத்தயா."

பதினெட்டாவது நிமிடம். இருமல். இன்னொரு இருமல். நின்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

எட்மண்ட் கொயில் பக்கமே போகவில்லை. தொட்டியில் காதை வைத்தான். மூடியைத் திருகினான். "ஸ்ஸ்." மூடியைக் கவிழ்த்துப் பார்த்தான், ஸ்குரூ டிரைவர் நுனியால் நெம்பினான். வட்ட ரப்பர், வெயிலில் தொங்கியது.

அந்த ஓட்டையால் காற்று உள்ளே போகாவிட்டால் பெற்றோல் கீழே இறங்காது, மூடியைத் திறந்தால் இறங்கும் என்று விளக்கினான். சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். சாவடியில் சிப்பாய் திறந்தான், ஓடியது. மருதானையில் திறந்தார்கள், ஓடியது. ஞாயிறுகளில் நானே கழற்றினேன், ஓடியது. பிழை பார்ப்பது என் சம்பளத் தொழில்.

இதை வைத்தது யார் என்றார் இன்ஸ்பெக்டர். நான். ஏன்? தொட்டிக்குள் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று. யார் ஊற்றுவார்கள்?

எட்மண்ட் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். பொய் சொல்லியிருக்கலாம். கீழ் வீட்டுக்காரன் என்றிருக்கலாம். ஆனால் அந்த மேசையில் காலையிலிருந்து நான் சொன்ன உண்மை எதையும் நம்பவில்லை, பொய்யில் பிடிபட்டால் முடிந்தது. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் ஒரு சொல் சொன்னேன். "மேயா." இவர்.

இன்ஸ்பெக்டர் சிரித்த சிரிப்பில் வாசல் காவல்காரனும் எட்டிப் பார்த்தான். எல்லாவற்றையும் எழுதினார், சிங்களத்தில். நான் கையெழுத்து வைத்தேன். பொறுப்புக்கு எட்மண்டும் வைக்க வேண்டும். எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. அவனுக்குத் தெரியும். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை மெதுவாக வாசித்துவிட்டுத்தான் வைத்தான்.

வெளியே வந்து கேட்டேன், "அப்ப அந்தத் தண்ணி?"

"மழைத் தண்ணி. அந்த ஓட்டையால வாறது. என்டதுக்கும் வாறது. வெளியில நிப்பாட்டினா மேல ஒரு பொலித்தீன் போடு." ரப்பரை என் உள்ளங்கையில் வைத்தான். "எனக்கு வேலை இருக்கு."

மன்னிப்புக் கேட்கவில்லை. இன்றும் போன் எடுக்கவில்லை.

மார்ச் 20, சனி

நான்கு நாள், ஒரு தரமும் நிற்கவில்லை. சாவடியில் சார்ஜன் கையசைத்தான். ரப்பர் மேசை லாச்சிக்குள். வாசுகி குப்பையில் போடவா என்று கேட்டாள், வேண்டாம் என்றேன்.

மார்ச் 21, ஞாயிறு

தூறல், பிறகு வெயில். மாளிகாவத்தை. எட்மண்ட் வரமாட்டான் என்று நினைத்துப் போனேன். எனக்கு முன்னமே வந்திருந்தான். "மச்சாங்" என்றான், எப்போதும் போல. நான் சொல்ல வந்ததைத் தொடங்கினேன். "சரி சரி, விடு, பிரேக் வயரைப் பிடி" என்றான். மூவரும் தேத்தண்ணீர், மாலுபாண். ஃபாரூக் நானா தன் மருமகனைப் பற்றி ஒரு கதை சொல்ல எட்மண்ட் விழுந்து விழுந்து சிரித்தான். நானும்.

சங்கிலி தளர்வு. பத்தாம் நம்பர் ஸ்பனர் வேண்டியிருந்தது. பழக்கத்தில் கை அவன் பெட்டிக்குப் போனது.

கொண்டி அடித்திருக்கிறான். சின்னப் பித்தளைப் பூட்டு, புதியது.

முதலில் வந்த எண்ணம்: உள்ளே எதை ஒளித்து வைத்திருக்கிறான்? வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் முதலில் வந்தது.

"எட்மண்ட், பத்து ஸ்பனர்."

பொக்கெற்றிலிருந்து திறப்பை எடுத்தான். திறந்தான். தந்தான். பூட்டினான்.

சங்கிலி சரிசெய்தேன். ஸ்பனரைத் துடைத்துத் திருப்பி நீட்டினேன். திறந்தான், வைத்தான், பூட்டினான்.