ஓராண்டு முடிவு

இன்று காலை மழை விட்டதும் தெருவில் பிளீச்சிங் பவுடர் தூவிக்கொண்டு போனார்கள். வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்த நெடி மூக்கில் ஏறியதும் நீர் ஞாபகத்துக்கு வந்துவிட்டீர். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, காக்கிச் சட்டையெல்லாம் வெள்ளைப் பொடியோடு என் மேஜைக்கு முன்னால் வந்து உட்காருவீர். எங்கள் சூப்பிரண்டு கைக்குட்டையால் மூக்கைப் பொத்துவார். அதைப் பார்த்துவிட்டு வேண்டுமென்றே நாற்காலியை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்துப் போடுவீர். நகராட்சியில் நீர் சுகாதாரப் பிரிவு மேஸ்திரி, நான் நிதிப் பிரிவு எழுத்தர். ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நமக்குள் எதையும் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு. நானோ சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமலே இருந்துவிட்டேன். நீர் போய்ச் சேர்ந்து இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. இப்போது எழுதி என்ன பிரயோஜனம் என்று கேட்பீர். எனக்கும் தெரியவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த ஐப்பசி ஞாபகம் இருக்கிறதா? மேலே அணையைத் திறந்துவிட்டார்கள். தாமிரபரணி படித்துறை மண்டபங்களுக்குள் ஏறிவிட்டது. அந்தக் கல்மண்டபங்களில் படுத்துக் கிடந்தவர்களை ஊரில் ஒருவரும் கண்டுகொண்டதில்லை. பிள்ளைகள் துரத்திவிட்ட கிழவிகள், ஜங்ஷனில் மூட்டை தூக்கி முதுகு போனவர்கள், எந்த ஊர் என்று சொல்லத் தெரியாதவர்கள். வெள்ளத்தில் வீடு போனவர்களுக்குப் பள்ளிக்கூடங்களைத் திறந்துவிட்டிருந்தோம். இவர்கள் அங்கே போய் நின்றபோது, வீடே இல்லாதவர்களுக்கு வெள்ளத்தில் என்ன போயிற்று என்று எழுதுவது என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். நீர் யாரிடமும் கேட்கவில்லை. பூட்டிக் கிடந்த பழைய காலரா ஷெட்டைத் திறந்து, பினாயில் ஊற்றிக் கழுவி, குப்பை வண்டியைக் கழுவி அதிலேயே அவர்களை ஏற்றிக்கொண்டு வந்து சேர்த்தீர். பிறகு என்னிடம் வந்து, கஞ்சிக்கும் பாய்க்கும் பணம் வேண்டும், எந்தத் தலைப்பில் எழுதுவீரோ எழுதும் என்றீர்.

குறிப்பு எழுதுவதில் நான் கெட்டிக்காரன் என்று நீர்தான் சொல்லித் திரிந்தீர். அன்று நிஜமாகவே நன்றாக எழுதினேன். வெள்ள நிவாரணம் என்று போட்டால் தணிக்கைக்காரர்கள் வீடு எங்கே என்று கேட்பார்கள். ஆகவே 'வீடற்றோருக்கான அவசரத் தங்குமிடம்' என்று புதிதாக ஒரு பெயர் வைத்து, பொது நிதியிலிருந்து செலவு செய்யலாம் என்று இரண்டு பக்கம் எழுதினேன். ஆணையர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். நீர் அந்தத் தாளை விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தீர்.

"இந்தத் தாளு பத்திரமா இருக்கட்டும் வே. இனி எந்த மழைக்கும் நாம யாரு கால்லயும் விழ வேண்டாம். போன தடவ குடுத்துருக்குன்னு இதக் காட்டுனாப் போதும்லா" என்றீர்.

அது சரியான பேச்சு. அலுவலகத்தில் எந்தக் காரியத்துக்கும் முதல் தடவைதான் தலைவலி. ஒருமுறை நடந்ததற்குக் கோப்பு இருந்தால் மறுமுறை கேள்வியே கிடையாது. பார்த்துக்கொள்கிறேன் என்று தலையாட்டினேன்.

ஷெட்டில் இருந்தவர்களில் உமக்கு உவரிச் சூசை அண்ணாச்சி மேல்தான் பிரியம் அதிகம். கருவாட்டுக் கூடையோடு இந்தப் பக்கம் வந்து, இடுப்பு ஒடிந்து, ஊர் திரும்பாமலே தங்கிவிட்ட மனுஷர். கோரைப்பாயில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, கஞ்சிக்குத் துவையலைப் பார்த்ததும் முகத்தைச் சுளிப்பார். கடலில் பிறந்தவருக்கு ஆற்றுத் தண்ணீரைப் பார்த்துப் பயமா என்று நீர் அவரைச் சீண்டுவீர். "கடலு, நாம எறங்கிப் போனாத்தாம் வே கொல்லும். இது படுத்த எடத்துக்குல்லா தேடி வருது" என்பார் அவர். மூன்று பேரும் சிரிப்போம்.

தண்ணீர் வடிந்தது, ஷெட்டை மூடினோம். தங்கியிருந்தவர்களின் பெயர்ப் பட்டியலைச் சேர்க்க வேண்டும் என்று கோப்பை நீர் எடுத்துப் போனீர். ஒரு வாரத்தில் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தீர். மேலே ஒரு கொய்யாப்பழமும் வைத்தீர்.

முடிந்த கோப்பைக் கட்டும்போது அட்டையில் ஒரு குறி போட வேண்டும். 'நி.மு.' என்றால் நிரந்தர முடிவு, பதிவறையில் என்றைக்கும் இருக்கும். 'ஓ.மு.' என்றால் ஓராண்டு முடிவு, வருஷம் ஒன்று கழிந்ததும் கிழித்துப் போட்டுவிடலாம். நீர் வெளிவேலைக்காரர், இந்த எழுத்தெல்லாம் உமக்குத் தெரியாது. நி.மு. போட்டால் பக்க எண் இட்டு, அட்டவணை எழுதி, நூல் கோத்துத் தைக்க வேண்டும். மறுநாள் எங்கள் பிரிவில் ஆய்வு. என் மேஜையில் முடிக்காத கோப்புகள் குவிந்து கிடந்தன. ஓ.மு. என்றால் நாடாவைச் சுற்றி எறிந்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஓ.மு. என்று போட்டேன். ஆய்வு முடிந்ததும் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன், மறந்தும் போனேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை. சோம்பல்தான்.

அடுத்த வருஷம் மழை பொய்த்தது. அதற்கடுத்த ஐப்பசியில் ஆறு மறுபடியும் மண்டபத்துக்குள் ஏறியது. ஆணையர் மாறியிருந்தார். ஷெட்டில் தார் டிரம்களை அடுக்கிப் பூட்டு போட்டிருந்தார்கள். புது ஆணையர் கெட்டவர் இல்லை. முன்பு கொடுத்திருந்தால் கோப்பைக் காட்டுங்கள், உடனே கையெழுத்துப் போடுகிறேன் என்றார். நீர் சிரித்த முகத்தோடு என்னிடம் ஓடி வந்தீர். "எடும் வே நம்ம தாள" என்றீர்.

அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். கோப்பைக் கிழித்தாயிற்று, என் தப்பு, புதிதாக ஒரு குறிப்பு எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருந்தால் சாயங்காலத்துக்குள் பணம் வந்திருக்கும். ஆனால் புதுக் குறிப்பு என்றால் பழையது எங்கே என்று கேட்பார்கள். அந்த மாதம் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்தது. பதிவறையில் இருக்கும், வாரும், தேடுவோம் என்றேன்.

இரண்டு நாள் தேடினோம். நீர் ஏணியில் ஏறிக் கட்டுகளை இறக்கித் தருவீர். நான் அவற்றைப் பிரித்துப் பார்த்து இல்லை என்பேன். இல்லாத கோப்பைத் தேடுகிறேன் என்று தெரிந்தே தேடினேன், வே. வெளியே மழை விடவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் நீர் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டீர். முகமெல்லாம் தூசி.

"பட்டியலு எழுத எடுத்துட்டுப் போனேம்லா... திருப்பித் தந்தேனா வே?" என்று கேட்டீர்.

கொய்யாப்பழம் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. உப்புத் தொட்டுத் தின்றதுகூட ஞாபகம் இருந்தது.

"சரியா ஞாபகம் இல்ல வே" என்றேன்.

நீர் பைய இறங்கி வீட்டுக்குப் போனீர். உம் வீட்டுப் பெட்டிகளையெல்லாம் கவிழ்த்துத் தேடியதாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன். மூன்றாம் நாள் காலை, பூட்டிய ஒரு நெல்லு மண்டியின் தாழ்வாரத்தில் சூசை அண்ணாச்சி எழுந்திருக்கவில்லை. நனைந்த சாக்கு ஒன்றைப் போர்த்தியிருந்தார். நீர் அங்கிருந்து நேரே போய் ஷெட்டின் பூட்டை உடைத்தீர். தார் டிரம்களை நீரே உருட்டி வெளியே தள்ளி மற்றவர்களை உள்ளே கொண்டுவந்தீர். பூட்டை உடைத்ததற்கு உம்மிடம் விளக்கம் கேட்டார்கள். கேட்டு எழுதிய தாள் என் கையால் எழுதியது. உமக்கு ஒரு வருஷ ஊதிய உயர்வு போயிற்று. எனக்குப் பதவி உயர்வு வந்தது. வீட்டில் பாயசம் வைத்தார்கள், வாயில் வைக்க முடியவில்லை. ஆனாலும் அந்த நாற்காலியில் போய் உட்காரத்தான் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதன் பிறகு உம்மிடம் அந்தப் பழைய சீண்டல் இல்லை. சூப்பிரண்டு மூக்கைப் பொத்தினால் நீரே எழுந்து தள்ளிப் போய் நிற்பீர். எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்தது, மென்று விழுங்கினேன். ஓய்வு பெற்ற பின்பும் வாரத்தில் இரண்டு நாளாவது டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறோம். மழை இருட்டினால் நீர் பேச்சை நிறுத்திவிட்டு ஆற்றுப் பக்கம் பார்ப்பீர். எதைப் பார்க்கிறீர் என்று எனக்குத் தெரியும். நான் இன்னொரு டீ சொல்வேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இப்போது நகரில் வீடற்றோர் விடுதி என்று பலகை வைத்தே நடக்கிறது. வருஷா வருஷம் நிதியும் ஒதுக்குகிறார்கள். அந்தப் பக்கமாகப் போகும் பஸ்ஸில் நான் ஏறுவதில்லை.

உம் காரியத்துக்கு வந்தபோது உம் வீட்டம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள்: "கடேசி வரைக்கும் அந்தக் கோப்பையே சொல்லிட்டு இருந்தாவ. நாந்தான் தொலச்சேன், அந்த மனுசன் செத்தது என்னாலதாம்னு." அவர்களிடமாவது சொல்லியிருக்க வேண்டும். செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

உம்மிடம் கேட்ட விளக்கத்துக்கு நீர் எழுதிக் கொடுத்த பதில் இருக்கிறதே, அந்தக் கோப்பையும் கட்டியவன் நான்தான். ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பு, இந்தமுறை சோம்பல்படவில்லை. பக்க எண் இட்டேன், அட்டவணை எழுதினேன், நூல் கோத்துத் தைத்தேன், அட்டையில் 'நி.மு.' என்று போட்டேன். பதிவறையில் இன்னும் இருக்கும். யார் எடுத்துப் பிரித்தாலும், 'தங்குமிடக் கோப்பு என் கவனக்குறைவால் தொலைந்துபோயிற்று' என்று உம் கையெழுத்தில் இருக்கும். அது பொய் என்று எழுதிய தாள் இந்த உலகத்தில் இது ஒன்றுதான், வே.