மாப்பிள்ளையும் நானும் இரண்டாவது கேமராவும்

மார்ச் 2, ஞாயிறு

இன்றும் மீன்கொத்தி போய்விட்டது. ஏரிக்கரைப் புதர் மறைவில் இரண்டு மணி நேரம் முட்டி வலிக்கக் குந்தியிருந்தோம், மாப்பிள்ளையும் நானும். பத்தடி தூரத்தில் ஒரு குச்சியில் வந்து உட்கார்ந்தது. வாயில் மீன். இருப்பது ஒரே கேமரா, அது மாப்பிள்ளை மடியில்.

“நீங்க எடுங்க அத்தை.”

“இல்ல மாப்பிள்ளை, நீங்க எடுங்க.”

“பரவால்ல அத்தை, நீங்க...”

இந்த உபசாரத்தை மீன்கொத்தி கொஞ்ச நேரம் பார்த்தது. மீனை விழுங்கிவிட்டுக் கிளம்பிவிட்டது. கல்யாணமாகி இரண்டு வருஷம், இன்னும் சம்பந்தி வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருப்பது போலவே பேசிக்கொள்கிறோம்.

மாடி வீட்டுக்குப் போய் மகளிடம் சொன்னேன். “ஆளுக்கொரு கேமராவ வெச்சுக்கிட்டுத் தொலைங்களேன்” என்றாள். வாய் விஷயத்தில் என்னைக் கொண்டிருக்கிறாள். ஆனால் நான் வெளியே விடுவதில்லை, அவள் விடுகிறாள்.

மார்ச் 5, புதன்

இரண்டாவது கேமரா வாங்குவது உறுதி. மாப்பிள்ளையே எனக்குப் பரிசாகத் தருகிறாராம். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர், எதையும் தாளில் எழுதிச் சரிபார்க்காமல் தொடமாட்டார். எடை, பேட்டரி, நொடிக்கு எத்தனை படம், நம்மிடம் உள்ள லென்ஸ் பொருந்துமா — நாலு மாடலுக்கும் எழுதி வந்திருந்தார். நாலாவதைப் பார்த்ததும் எனக்கு நாக்கில் நீர் ஊறியது. பறக்கிற பறவையின் கண்ணை அதுவே தேடிப் பிடித்துக்கொள்ளுமாம்.

“எது புடிச்சிருக்கு அத்தை?”

“எதா இருந்தா என்ன மாப்பிள்ளை.”

பொய். பச்சைப் பொய். ஆனால் பரிசு தருகிற மாப்பிள்ளையிடம் இருப்பதிலேயே பெரியதைக் கை காட்ட எந்த மாமியாருக்கு வாய் வரும்?

மார்ச் 10, திங்கள்

மகள் கேட்டாள், “உண்மையச் சொல்லு, உனக்கு எதும்மா வேணும்?” காது கேட்காதது போல் இருந்துவிட்டேன்.

மார்ச் 15, சனி

கடைக்குப் போனோம். கடைக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார், முடிவு கட்டிவிட்டார். “ஆன்ட்டிக்கு இந்தச் சின்னதுதான் சரி. வெயிட்டே இல்ல, ஹேண்ட்பேக்லயே போட்டுக்கலாம்.”

முப்பது வருஷமாக எக்ஸ்ரே எடுக்கிறேன். எழுந்து நிற்க முடியாத ஆட்களைப் புரட்டிப் புரட்டிப் படுக்கவைக்கிற கை இது. எனக்கு வெயிட் சொல்கிறார்.

சின்னது கையில் சோப்பு டப்பா மாதிரி இருந்தது. விரல் பிடிக்க இடமில்லை. வாசலில் போன காக்காயை எடுத்துப் பார்த்தேன். அது காக்காயை விட்டுவிட்டு எதிர்க்கடைப் பலகையை எழுத்து எழுத்தாகப் பிடித்தது. மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு” என்றேன். என் வாயில் கொள்ளி வைக்க.

சின்னதையே ஆர்டர் கொடுத்தோம், வரப் பத்து நாள் ஆகும். அதுவரைக்கும் ஷோகேஸில் இருந்த பெரியதையே, அந்த நாலாவது மாடலையே, கடைக்காரர் இரவல் கொடுத்தார், மாப்பிள்ளை பழைய வாடிக்கையாளர் என்று. வீட்டுக்கு வந்து மடியில் வைத்துக்கொண்டேன். எனக்கு அளவெடுத்துச் செய்தது போல் இருக்கிறது. பாவி மனுஷன், இதைக் கொடுக்காமலே இருந்திருக்கலாம்.

மார்ச் 16, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. சரி, எழுதித் தொலைக்கிறேன்.

விராலடிப்பான் வந்தது. மீன் பிடிக்கிற கழுகு. நேர் செங்குத்தாகத் தண்ணீரில் விழுந்து, மீனோடு எழுந்து எங்களைப் பார்த்தே வந்தது. மாப்பிள்ளையிடம் சின்ன லென்ஸ், அவருக்கு அது கொசு அளவுதான். என்னிடம் பெரிய கேமரா, பெரிய லென்ஸ். மூச்சை இழுத்துப் பிடித்து அழுத்தினேன். ஒவ்வொரு படமும் திரையில் ஒரு கணம் தெரிந்து மறைந்தது. கண், நகம், சொட்டும் தண்ணீர். ஓரத்தில் சிவப்பாக என்னவோ மின்னியது. படிக்கிற கண்ணாடி பைக்குள் இருந்தது.

பிறகு பார்த்தால் ஒரு படம் இல்லை. உள்ளே கார்டே இல்லை! கடைக்கு வருகிறவர்கள் அழுத்திப் பார்க்க, கார்டு இல்லாமலே ஓடும்படி வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை போட்டிருப்பார் என்று நான் இருந்தேன். அவர்?

“கார்டு போட்டீங்களான்னு கேக்கலாம்னு நெனச்சேன் அத்தை. ஒண்ணும் தெரியாதவங்கன்னு நெனக்கிறதா எடுத்துப்பீங்களோன்னு...”

“அட எழவு புடிச்ச சனியனே!”

அவரையா, கேமராவையா, என்னையா — எனக்கே தெரியாது. அதோடு நின்றேனா? “கேட்டா என்ன, கொறஞ்சா போயிடுவீங்க? அந்த சோப்பு டப்பா எனக்கு வேணாம். இதுதான் வேணும். மொதல்லேர்ந்தே இதுதான் வேணும்!”

நாரை எல்லாம் பறந்துவிட்டது. இரண்டு வருஷ மரியாதையை ஏரியில் கரைத்துவிட்டு வந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. நெஞ்சு மட்டும் லேசாக இருக்கிறது, அதுதான் கொடுமை.

மார்ச் 17, திங்கள்

வேலைக்குப் போனேன். “மூச்சை இழுத்துப் பிடிங்க”, “விடுங்க” தவிர யாரோடும் பேசவில்லை.

மார்ச் 19, புதன்

மாப்பிள்ளை கடைக்குப் போய்ச் சின்னதை ரத்து செய்து பெரியதைச் சொல்லிவிட்டு வந்தார். “அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல அத்தை. உங்க மனசுல என்ன இருக்குன்னு தெரியாம தாள் தாளா எழுதிட்டிருந்தேன்” என்றார். காபி போட்டுக் கொடுத்தேன்.

மே 3, சனி

மாப்பிள்ளையின் கேமரா ஷட்டர் போய் சர்வீஸில் கிடக்கிறது. சாயங்காலம் என் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“அத்தை, பாலத்துக்கிட்ட ஆந்தைக் குஞ்சு பறக்கப் பழகுதாம். நாளைக்குக் காலையில மட்டும் உங்க கேமராவ எடுத்துக்கட்டுமா?”

“முடியாது மாப்பிள்ளை. நானே போறேன்.”

சொன்ன பிறகுதான் சொன்னதே உறைத்தது. அவர் தலையாட்டிவிட்டு மாடிப்படி ஏறினார். கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து குரல் கேட்டது, மகளிடம் சொல்கிறார்:

“உங்கம்மா முடியாதுன்னுட்டாங்க! பெத்த புள்ளைகிட்ட சொல்ற மாதிரி, பட்டுன்னு!”

சம்பள உயர்வு வந்தவர் மாதிரி அத்தனை சந்தோஷம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கேமராவைத் தருவதாக இல்லை.