பாக்தாத்துக்குத் திரும்பி வந்த பார்சல்

டண்டினொங்,
ஞாயிற்றுக்கிழமை

என் செல்ல மகள் வினுஷாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. அப்பாவும் நானும் முருகன் காவலில் சுகமாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் குளிருக்குக் கொஞ்சம் முறைக்கிறது. நீயும் சுகம் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறாய், மருமகனும் பக்கத்தில் இருந்து ஓம் ஓம் என்கிறார், ஆனால் எனக்கு நம்பிக்கை வரவில்லை பிள்ளை. அதனால்தான் நீ வேலை செய்யும் நூலகத்தின் இணையப் பக்கத்தில் உன் பெயரைத் தேடிப்பிடித்து இதை அங்கே அனுப்புகிறேன். அங்கேயே இருந்து வாசி, வீட்டுக்குக் கொண்டு போகாதே.

அப்பா வேர்ஹவுஸ் வேலையை விட்டபிறகு உடற்பயிற்சிக்கு என்று ஒரு சைக்கிள் மெஷின் வாங்கி உன் அறையில் வைத்திருக்கிறார், அதில் துவாய் காயப்போடுவதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. உன்னோடு தனியாக ஒரு வார்த்தை பேச வழியில்லாததால் நான் உன் பழைய பேச்சைத்தான் யூரியூப்பில் போட்டுப் பார்க்கிறேன், போன வருடம் லண்டனில் பேசினாயே, கலீபாக்கள் ஏன் தலைநகரை மாற்றிக்கொண்டே இருந்தார்கள் என்று. மதீனாவில் இருந்து கூஃபா, பிறகு டமாஸ்கஸ், பிறகு பாக்தாத், பிறகு சமாரா, இப்போது அவர்கள் எல்லாரும் எனக்குத் தூரத்துச் சொந்தம் போல ஆகிவிட்டார்கள். அதில் நீ கையை ஆட்டி ஆட்டிச் சிரித்துப் பேசுகிறாய், அந்தச் சிரிப்பை இப்போது காணவில்லை. ஒருவர் எழும்பிக் கேள்வி கேட்க நீ சொன்னாய், அரசன் ஊர் மாறும்போது காற்றும் தண்ணீரும் நல்லதென்று காரணம் சொன்னால் நம்பாதீர்கள், யாரை விட்டு விலகுகிறான், யாரைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறான் என்று பாருங்கள் என்று. நானும் பார்த்தேன்.

லண்டனில் ஸ்ருதி என்று உனக்கு ஒரு உயிர்ச் சிநேகிதி இருந்தாள், வாடகை கூடுதல் என்று நீயும் மருமகனும் லெஸ்டருக்குப் போனீர்கள். லெஸ்டரில் அப்பாவின் தங்கை, உன் மாமி, அடுத்த தெருவில் இருந்தாள், அவள் வந்து போகிறாள் என்று நான் நிம்மதிப்பட முன்னம் அபர்டீன். ஏன் என்று மருமகன் அனோஜனைக் கேட்டேன், “அங்கை காத்து நல்லம் மாமி” என்றார். காற்றாம்! உன் போனையும் அவர்தான் எடுக்கிறார், நீ குளிக்கிறாய், படுத்திருக்கிறாய், கடைக்குப் போய்விட்டாய் என்கிறார். போனை வீட்டில் விட்டுவிட்டுக் கடைக்குப் போகிற பிள்ளையா நீ? அப்பாவிடம் சொன்னால், “உமக்கு வேறை வேலை இல்லையே, அது தங்கமான பொடியன்” என்று என்மேல் பாய்ந்தார்.

சரி, நான்தான் பொல்லாத மனுசி என்று பேசாமல் இருந்தேன். அதற்குள் நான் உனக்கு அனுப்பிய பார்சல் திரும்பி வந்தது. கறித்தூளும் உன் பச்சைக் கம்பளிச் சட்டையும் வைத்து, அனோஜன் தந்த முகவரிக்குத்தான் அனுப்பினேன், அப்படி ஒருவரும் அங்கே இல்லை என்று ஒட்டி, நான் கட்டிய முடிச்சுக்கூட அவிழாமல் வந்து வாசலில் கிடந்தது. அன்று பின்னேரமே அவர் போன் எடுத்து, “மாமி, உங்கடை தூள் வந்திட்டுது, நேற்று அதிலைதான் வினு மீன்குழம்பு வைச்சவ” என்றார். பார்சல் என் மடியில் இருந்தது பிள்ளை. “சந்தோசம் மகன்” என்று சொல்லி வைத்தேன். எதிர்க் கதிரையில் இருந்து ஸ்பீக்கரில் எல்லாம் கேட்ட அப்பா எழும்பிப் போய் முகம் கழுவினார். அதற்குப் பிறகு தங்கமான பொடியன் என்ற கதை இந்த வீட்டில் இல்லை. நீ எந்த வீட்டில் இருக்கிறாய் என்றே பெற்ற எங்களுக்குத் தெரியாது.

காவல்காரரையும் கூட்டிக்கொண்டு சமாராவுக்குப் போன கலீபாவின் வம்சத்துக்கு என்ன நடந்தது என்று நீயே சொன்னாய். சுற்றிவரச் சொந்த ஆட்கள் இல்லாத ஊரில், காவலுக்கு நின்றவர்களே அவர்களைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். நான் பிழையாகச் சந்தேகப்பட்டிருந்தால் திட்டு, சந்தோசமாக வாங்கிக்கொள்கிறேன், ஆனால் பக்கத்தில் ஒருவரும் இல்லாத நேரம் போன் எடுத்துத் திட்டு. அவர் அடிக்கிறாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, அதனால் எழுதிக் கேட்கிறேன். அடிக்காமலும் ஒருத்தியைப் பூட்டி வைக்கலாம் என்று எனக்குத் தெரியும். நூலகத்தில் இருந்து எடு, எந்த நேரமும் எடு, சனம் என்ன கதைக்கும் என்று யோசிக்காதே, சனத்துக்கு நான் பதில் சொல்கிறேன். பேச்சின் கடைசியில், சமாராவை விட்டுப் பாக்தாத்துக்கே திரும்பி வந்தார்கள் என்றாய், அந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன். உன் அறையில் இருந்த சைக்கிள் மெஷினை அப்பா இன்று கராஜுக்குத் தள்ளிவிட்டார்.

வெள்ளிக்கிழமை கோயிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். ஐயர் மருமகனின் பெயரும் நட்சத்திரமும் கேட்டார், மறந்துபோனேன் என்று சொல்லிவிட்டேன். நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கும் பயப்படாமல் நீ நூறு வயது இருக்கவேண்டும் என் ராசாத்தி. பாஸ்போர்ட் உன் கையில் இருக்கிறதா என்று இன்றைக்கே பார். பார்சலை நான் பிரிக்கவில்லை, குசினி அலுமாரிக்கு மேல் உன் பெயரோடு இருக்கிறது. இனி அதை அனுப்பமாட்டேன், நீ வந்து எடு.

உன் போனுக்குக் காத்திருக்கும் அம்மா,
யோகராணி கணேசலிங்கம்