பச்சையை விடு, சிவப்பை எடு

செப்டம்பர் 28, 1974

ஹெட்லைட் வயரிங் முடிந்தது. கோத்தார்தோவுக்குக் காட்டுப்பாதையில் மோட்டார் சைக்கிளைப் பறக்கவிடத் தெரியும், வயர் என்றால் மட்டும் எட்டிப்போவான். தம்பிக்கு எப்போதும் அக்காதான். பகலெல்லாம் பட்டறையில் மோட்டார் காயில் சுற்றிவிட்டு வந்து வீட்டிலும் வயர். என் தலையெழுத்து.

விளக்குக்குச் சிவப்பு, எஞ்சினை நிறுத்தும் பொத்தானுக்குப் பச்சை. இரண்டும் விளக்குக் கிண்ணத்துக்குள் வந்துதான் பிரிகின்றன. மாற்றி மாட்டினால் எஞ்சினே கிளம்பாது. குழந்தைக்குக்கூடக் குழம்பாது.

அக்டோபர் 2

தம்பி ரயில்வே எழுத்துத் தேர்வில் தேறிவிட்டான்! 28ஆம் தேதி மிலானில் உடல் சோதனை, அதன்பின் ரயில் ஓட்டுநர் பயிற்சி. ரொட்டிக் கடை, கோயில், பஸ் நிறுத்தம் என்று அம்மா சொல்லாமல் ஓரிடம் பாக்கி வைக்கவில்லை. அவன் மட்டும் தட்டிலிருந்த பொலெந்தாக் களியைக் கிளறிக்கொண்டே இருந்தான். சந்தோஷத்தில் பசி அடைத்துவிட்டது போல.

அக்டோபர் 6, ஞாயிறு

போட்டி. தம்பியின் காட்டுப்பாதைப் பந்தயம்.

கடைசிச் சோதனையில் விளக்கு எரிந்தாக வேண்டும், இல்லையென்றால் பதக்கம் போச்சு. ஓட்டுபவனைத் தவிர வேறு யாரும் வண்டியைத் தொடக்கூடாது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று வாயால் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம். வாய்க்கு எனக்குக் குறைவா?

ஓடையில் விழுந்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். விளக்குக் கிண்ணம் நசுங்கி, வயர் இரண்டும் பிடுங்கிக்கொண்டு தொங்கின. பல்பு மட்டும் பிழைத்திருந்தது.

"சிவப்பை விளக்குக்குக் குடுடா" என்றேன். பச்சையை எடுத்து மாட்டினான். உதைத்தான், எஞ்சின் கிளம்பவில்லை.

"டேய், பச்சையை விடு, சிவப்பை எடு!"

இரண்டையும் கழற்றினான். உற்று உற்றுப் பார்த்தான். மறுபடி பச்சையையே மாட்டினான்.

"கண்ணு என்ன பொடரியிலயா இருக்கு?" என்று கத்தினேன்.

அவன் கிளப்பிலேயே ஓட்டும் செல்சோ பக்கத்தில் நின்றிருந்தான். "விடு ஃபுல்வியா, சிவப்பைத் தொட்டா நரகம்னு உங்க பாதிரியார் சொல்லி வளர்த்திருப்பாரு!" என்றான். கூட்டமே சிரித்தது. எங்கள் பள்ளத்தாக்கில் கம்யூனிஸ்டுகளின் சிவப்புக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்களை விரல்விட்டு எண்ணலாம். நானும் சிரித்தேன்.

கோத்தார்தோ சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தான். கோபமில்லை — கெஞ்சல். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நிறத்தை விட்டேன். "டேப் சுத்தின வயர் இருக்கில்ல, அது விளக்குக்கு. மொட்டையா இருக்கறது பொத்தானுக்கு."

ஒரே உதை. விளக்கு எரிந்தது. பதக்கமும் வந்தது.

அக்டோபர் 7

கேட்டேவிட்டேன். பள்ளிக்கூட நாளிலிருந்தே தெரியுமாம். சிவப்பும் பச்சையும் அவனுக்கு ஒரே சேறு.

"அப்புறம் எப்படிடா கண்ணு சோதனையில பாஸ் பண்ணுவ?"

"புள்ளிப் படம் காட்டுவாங்க, நம்பர் சொல்லணும். எந்தப் பக்கத்துல எந்த நம்பர்னு ஒருத்தன் சொல்லித் தந்துட்டான். மனப்பாடம்."

"சிக்னலையும் மனப்பாடம் பண்ணிருவியா?"

"மேல எரியுதா கீழ எரியுதான்னு பார்த்துக்குவேன். அம்மாகிட்ட மூச்சு விடாதக்கா."

அக்டோபர் 11

அம்மாவிடம் சொல்வதா? சொன்னால் அவன் முகத்தில் எப்படி முழிப்பது? சொல்லாமல் இருந்தால், அந்த ரயிலில் இருக்கிறவர்கள்?

அக்டோபர் 13

அம்மா அவன் சட்டையை இப்போதே தேய்த்து மாட்டிவிட்டாள். பாவம்.

அக்டோபர் 20

பொறுக்கவில்லை. கொட்டகையில் மேசைமேல் இரண்டு வயர்த் துண்டுகளை வைத்தேன்.

"சிவப்பை எடு. சரியா எடுத்தா நான் வாயை மூடிக்கறேன். சத்தியம்."

வெகுநேரம் பார்த்தான். எடுத்தான்.

சிவப்பு.

என் சத்தியமே என் வாயை அடைத்துவிட்டது. இப்படி ஒரு முட்டாள் பந்தயம் யாராவது கட்டுவார்களா? அவனோ விசிலடித்துக்கொண்டு போனான்.

அக்டோபர் 24

அவனிடம் பேசுவதில்லை. "என்னடி உர்ருன்னு இருக்க, தம்பிக்கு வேலை கிடைக்கறது பிடிக்கலையா?" என்று அம்மா கேட்டாள். எழுந்து வந்தேன், அழுகை வந்துவிட்டது.

அக்டோபர் 28

காலை பஸ்ஸுக்குக் கிளம்பினான். அம்மா வாசலில் நின்று சிலுவை போட்டு அனுப்பினாள். நான் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன்.

பஸ் ஹாரன் கேட்டது. போய்விட்டது. சற்றுக் கழித்துக் கொட்டகைக் கதவில் நிழல். அவன்தான், தேய்த்த சட்டையோடு.

"ஏண்டா, பஸ்ஸை விட்டுட்டியா?"

"ஏறல."

மேசை ஓரத்தில் உட்கார்ந்தான். "அன்னிக்கு நான் எடுத்தது குருட்டாம்போக்குலக்கா."

"சரியாத்தானே வந்துச்சு?"

"வந்துச்சு. அதுலருந்துதான் பயமா இருக்கு."

தலையில் ஒன்று வைத்தேன். பிறகு கட்டிக்கொண்டேன். அம்மாவிடம் யார் சொல்வது என்று ரொம்ப நேரம் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தோம். கடைசியில் அவனே போனான்.

நவம்பர் 3

ஒரு வாரமாக மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்த அம்மா, இன்று சாப்பாட்டு மேசையில் சிவப்பும் பச்சையுமாக இரண்டு நூல்கண்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள்.

"இதுல எதுடா பச்சை?"

"தெரியலம்மா."

"வருஷா வருஷம் பச்சையில ஸ்வெட்டர் பின்னித் தந்தேனே! நல்லா இருக்குன்னு சொன்னியேடா!"

"நல்லாத்தாம்மா இருந்துச்சு. கதகதன்னு."

அம்மா அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் பொலெந்தா போட்டாள்.