அண்ணன் மறைத்த நோய்

ஐப்பசி, வெள்ளி இரவு

எனக்கு வந்திருக்கும் தைராய்டு புற்றுநோய் பரம்பரையானது, கூடப் பிறந்தவர்களுக்கும் அந்த மரபணுக் கோளாறு இருக்கலாம் என்று இன்று டாக்டர் சொன்னார். பனியன் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுப் பதறிக்கொண்டு பல்லடத்திலுள்ள அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் பதறவில்லை.

"எனக்கு ஆபரேசன்ல எடுத்ததும் இதேதான் கண்ணு."

சில வருசத்துக்கு முன்பு அவருக்குக் கழுத்தில் ஆபரேசன் நடந்தபோது வெறும் கட்டி என்றுதான் என்னிடம் சொன்னார். தங்கச்சியையும் பரிசோதிக்கச் சொல்லி அன்றைக்கே டாக்டர் சொன்னாராம்.

"ஏனுங்கண்ணா எங்கிட்டச் சொல்லல?"

"கவிதாவுக்கு மாப்பிள்ளை பாத்துட்டிருந்தோம். வெளிய தெரிஞ்சா யாரு கட்டுவாங்க?"

அவர் மகள் கவிதாவின் கல்யாணத்தில் பந்தி முடியும்வரை நின்று பரிமாறியவள் நான். அன்றே தெரிந்திருந்தால் பரவுவதற்கு முன்பே எடுத்திருக்கலாம். இப்போது கழுத்து நெறிக்கட்டிகளுக்கும் பரவிவிட்டது.

கிளம்பும்போது, "நீயும் வெளிய சொல்லிராத கண்ணு" என்றார். நான் பஸ் ஏறினேன்.

வந்ததும் என் மகளை உட்கார வைத்து, அவளுக்கும் இது இருக்கலாம் என்று ஒளிக்காமல் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவளோ, "கவிதாக்காளுக்குத் தெரியுமாங்கம்மா?" என்று கேட்டாள்.

கவிதா இப்போது முழுகாமல் இருக்கிறாள். அவளிடமும் அவர் சொல்லியிருக்க மாட்டார். விடிந்ததும் நானே அவளைக் கூப்பிட்டுச் சொல்லப் போகிறேன். அதற்குப் பிறகு அண்ணன் என்னோடு பேசாவிட்டால் பேசாமலே இருக்கட்டும்.