கோம்பை விலாசம்

ஜூன் 9, திங்கள்
காலை முழுக்கக் கரண்ட் இல்லை. பதினொரு மணிக்குத்தான் கணினியைத் திறந்தேன். என் கட்சிக்காரி சுபாஸ்ரீயின் மனு முடிந்தது. ஆண்டிபட்டிக்காரி, இருபத்தாறு வயது. புருஷன் ராக்கப்பனின் அடி பொறுக்காமல் கோம்பையில் சித்தி வீட்டில் ஒளிந்திருக்கிறாள். பாதுகாப்பு உத்தரவு கேட்டு வழக்கு. கோர்ட்டுக்குப் போகும் காகிதத்தில் அவள் இருக்கும் இடம் கிடையாது. கணினியில் என் குறிப்பில் மட்டும் வழி அடையாளத்தோடு தட்டச்சு செய்து வைத்தேன்.

"ஒங்களுக்கும் சித்திக்கும் மட்டுந்தேன் தெரியும்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முன்னறையில் என் வீட்டுக்காரர் எட்வினின் டியூஷன் பிள்ளைகள் ஒரே சத்தம். அவருக்கு அது காதில் விழுவதே இல்லை.

ஜூன் 13
ஆண்டிபட்டி கோர்ட். வாய்தா 27க்கு.

ஜூன் 17, செவ்வாய்
ராக்கப்பன் கோம்பைக்குப் போய்விட்டான்.

மத்தியானம் போன் வந்தது. கம்பம் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அவனைப் பார்த்ததும் சுபாஸ்ரீ கொல்லைச் சுவரேறிக் குதித்திருக்கிறாள். வலது கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிவு. தெருக்காரர்கள் அவனைப் பிடித்துப் போலீசில் கொடுத்துவிட்டார்கள்.

கட்டிலருகே சித்தி மொக்கம்மாள் அழுதுகொண்டிருந்தார். சுபாஸ்ரீ முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இந்தம்மாவை வெளிய போகச் சொல்லுங்கக்கா. காட்டிக் குடுத்தது இவுகதேன்."

"நா எதுக்குத்தா சொல்லப்போறேன்? என் வகுத்துல பொறந்த புள்ள மாதிரி வச்சிருந்தேனே!"

வராந்தாவில் மொக்கம்மாள் சொன்னார்: தெருமுனைக் கடையில் ராக்கப்பன், 'ரெண்டாவது குழாயடிக்கு எதிர்ப்புறம், நீல கேட், மாடியில்லாத வீடு' எது என்று கேட்டானாம்.

அது நான் எழுதிய வரி. சொல் மாறாமல் என் வரி.

மொக்கம்மாளிடம் ஒன்றும் சொல்லவில்லை. பஸ் ஏறி வந்துவிட்டேன்.

ஜூன் 18
கணினியில் வைரஸ் நுழைந்திருக்குமோ? இத்தனை வருஷமாக ஆன்டிவைரஸ் எதுவும் போட்டதில்லை. "நமக்கு எதுக்கு அதெல்லாம், நாம என்ன பேங்கா?" என்று எட்வின் சொல்வார். நானும் அதையே சொன்னவள்தான்.

இன்று கோர்ட்டுக்குப் போகவில்லை. மூன்று கம்பெனிகளின் ஆன்டிவைரஸை ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒன்று இலவசம். ஒன்று கணினியை மந்தமாக்குமாம். ஒன்று கேமராவைக் கூடப் பாதுகாக்குமாம். யாரிடம் கேட்க? கேட்டால் ஏன் என்று கேட்பார்களே. கடைசியில் மூன்றாவதை வாங்கிப் போட்டேன். சோதனை நாலு மணி நேரம் ஓடியது.

'அச்சுறுத்தல் எதுவும் இல்லை.'

சந்தோஷமாக இருந்தது. அப்படியென்றால் என் வீட்டிலிருந்து போகவில்லை. பாவி, காலொடிந்து கிடக்கிறவளை வைத்துக்கொண்டு என்ன சந்தோஷம் உனக்கு? போகவில்லை என்றால் அந்த வரி அவன் வாய்க்கு எப்படி வந்தது?

ஜூன் 20
அதை எடுத்துவிட்டு வேறொன்று போட்டேன். அதிலும் ஒன்றுமில்லை. இந்த முறை சந்தோஷம் வரவில்லை.

மொக்கம்மாள் கொண்டுபோன கஞ்சியைச் சுபாஸ்ரீ தொடவில்லையாம். நர்ஸ் சொன்னார்.

ஜூன் 21, சனி
பெரியகுளத்திலிருந்து உசேனை வரவழைத்தேன். கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவர். அரை மணி நேரம் பார்த்தார்.

"வைரஸே இல்ல மேடம். எந்த ஆன்டிவைரஸ் போட்டாலும் இதைச் சொல்லாது. பிரிண்டருக்காக இந்த ஃபோல்டரை ஷேர் போட்டு வச்சிருக்கீக, பாஸ்வேர்டும் இல்ல. ஒங்க வைஃபை கெடைச்சா எவன் போன்லயும் தொறந்து படிச்சிரலாம்."

"வைஃபைக்குப் பாஸ்வேர்டு இருக்கே?"

உசேன் முன்னறைக் கரும்பலகையைக் காட்டினார். மூலையில் பிள்ளைகளுக்காக எட்வின் எழுதி வைத்தது. அவருடைய போன் நம்பர்தான் பாஸ்வேர்டு. ஜன்னல் வழியே தெருவிலிருந்து பார்த்தாலே தெரிகிறது.

ரவுட்டருக்குள் போய்ப் பார்த்தார். அதற்கும் கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டையே மாற்றவில்லை. உள்ளே வந்துபோன போன்களின் பட்டியல் நீளமாக ஓடியது. பிள்ளைகளின் பெயர்கள், எட்வின், நான். நடுவில் ஒன்று: 'Rakkappan'. ஜூன் 10, 12, 14.

எதிர் டீக்கடைக்காரரைக் கேட்டேன். "ஆமா, ஒருத்தர் வந்து ரொம்ப நேரம் போன் நோண்டிக்கிட்டு இருந்தாக. ஒங்க கட்சிக்காரர்னு நெனைச்சேன்."

மனு கொடுக்க வந்த சுபாஸ்ரீயை யாரோ பார்த்துச் சொல்லி, அவளைத் தேடி வந்திருக்கிறான். அவன் ஊருக்குள் இறங்கியது கூடத் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

உசேன் எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு ஒரு வைஃபை, பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. ஃபோல்டரை மூடினார். இப்போது எல்லாம் பத்திரம். யாருக்கு?

ஜூன் 22, ஞாயிறு
சர்ச்சில் பூசைக்குப் போகவில்லை. எட்வின் கரும்பலகையைத் துடைத்துவிட்டு, துடைத்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "என்னாலதானே அனிதா?" என்றார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். எழுதியவர் அவர். அந்தக் கணினியில் ஒரு பெண்ணின் உயிரை வைத்தவள் நான்.

சொல்லாமல் விட்டால்? ராக்கப்பன் உள்ளே இருக்கிறான். யாரும் கேட்கப்போவதில்லை. மொக்கம்மாள் மேல் பழி இருக்கும், அவ்வளவுதான்.

அவ்வளவுதானா? இதை எழுதவே கை கூசுகிறது.

ஜூன் 24
ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சுபாஸ்ரீயிடம் சொல்லிவிட்டேன். போன் பட்டியலின் நகலைப் போலீசிலும் கொடுத்தேன், என் வீட்டு வைஃபை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு.

சுபாஸ்ரீ கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"ஏழு நாளாச்சேக்கா. சித்திய நா எம்புட்டுப் பேச்சுப் பேசிட்டேன். ஒங்களுக்கு அன்னைக்கே தெரியும்ல?"

சந்தேகம்தான் இருந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். பொய்.

"தெரியும்" என்றேன்.

"போங்கக்கா."

ஜூன் 27
வாய்தா. அவளால் வர முடியாது. அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.

ஜூலை 1
சாப்பிடப் பிடிக்கவில்லை. புதுக் கட்சிக்காரர் ஒருவர் வந்தார். வேறு வக்கீலைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். கணினி இருக்கும் அந்த அறைக்குள் போகவே முடியவில்லை.

ஜூலை 18, வெள்ளி
கோர்ட் வராந்தாவில் மொக்கம்மாள் காத்திருந்தார். கையில் ஒரு தாள். ஜெபராணி என்ற தேனி வக்கீலுக்கு வழக்கை மாற்ற எனக்கு ஆட்சேபணை இல்லை என்று நான் எழுதித் தர வேண்டும்.

"வழக்க விடலையா?" என்றேன்.

"எதுக்கு விடணும்? கால் கூடட்டும், வந்து சாட்சி சொல்லுவா. எங்கூடத்தேன் இருக்கா. காலைல நாந்தேன் தலை சீவிவிட்டு வந்தேன்."

பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், "ஒங்கள ஒண்ணும் கேக்க வேணாம்னு சொல்லி அனுப்பிருக்கா" என்றார்.

மொக்கம்மாளே பேனா நீட்டினார். சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாகப் படியிறங்கிப் போனார்.